வீட்டில் பீர் காய்ச்ச டியூபும் ஃபிட்டிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டிலேயே 5 கேலன் அளவில், அதாவது ஒரு தடவைக்குச் சுமார் 19 லிட்டர் பீர் காய்ச்சும் நம்மவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் பற்றியெல்லாம் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் கடையில் டியூப் மாட்டியிருக்கும் வரிசைக்கு முன்னால் போனதும் குழம்பிவிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே இருக்கின்றன. அடிக்கடி வரப்போகும் ஒரு சொல்லை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறுதான் வோர்ட். அதில் ஈஸ்ட் வேலை செய்த பிறகுதான் பீர் ஆகிறது.

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் சரி. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. மாநிலச் சட்டமும் இடம் தர வேண்டும். கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல் அனுமதித்தன. பிரிட்டனில் 1963 முதலே உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு: 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அங்கே வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஊரில் இருக்கும் தம்பி, மச்சானுக்கு இந்தப் பக்கத்தை அனுப்புவதாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

டியூப் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அதற்குள் என்ன ஓடப்போகிறது என்பதை. விலை, நிறம், நீளம் எல்லாம் அப்புறம்தான். நம் வேலையில் மூன்று விதமான ஓட்டம் இருக்கிறது. கொதிக்கும் வோர்ட்டும் வெந்நீரும் ஓடுவது ஒன்று. ஆறிய வோர்ட்டும் பீரும் ஓடுவது இன்னொன்று. மூன்றாவது, அழுத்தத்தோடு போகும் கார்பன் டை ஆக்சைடு. இந்த மூன்றுக்கும் ஒரே டியூப் பொருந்தாது. ஒரே சுருளை வாங்கி எல்லாவற்றுக்கும் வெட்டிப் போடலாம் என்று நினைப்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு. நானும் அப்படித்தான் செய்தேன்.

வினைல் டியூப் மலிவாகக் கிடைக்கிறதே, கொதிக்கும் வோர்ட்டுக்கு அதைப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். வினைல் என்பது பி.வி.சி.தான். அது வளைந்து கொடுப்பதற்காக மென்மையாக்கும் ரசாயனங்களைக் கலக்கிறார்கள். 70, 80 டிகிரி செல்சியஸ் சூடு பட்டாலே துவண்டுவிடும். பம்ப் இழுத்தால் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கலந்த ரசாயனம் வோர்ட்டில் இறங்கும் பயமும் உண்டு.

என்னுடைய இரண்டாவது காய்ச்சலில் நடந்ததைச் சொல்கிறேன். பாக்கெட்டில் உணவுத் தரம் என்று அச்சிட்டிருந்ததை நம்பி வினைல் டியூபை அண்டாவின் வால்வில் மாட்டினேன். குளிரில் கஷ்டப்பட்டு ஏற்றிய டியூப், கொதிக்கும் வோர்ட் ஓடத் தொடங்கியதும் இளகித் தானாகக் கழன்றுகொண்டது. வால்வை மூடுவதற்குள் என் வலது புறங்காலில் கொட்டிவிட்டது. வோர்ட்டில் சர்க்கரை இருப்பதால் வெந்நீர் போல வழிந்தோடாது, ஒட்டிக்கொண்டு சுடும். மூன்று வாரம் செருப்பு போட முடியவில்லை. உணவுத் தரம் என்ற சொல் எந்தச் சூடு வரைக்கும் என்பதைச் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால்தான் வெப்ப வரம்பு அச்சிடாத டியூபை சூட்டு வேலைக்கு வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

அப்படியென்றால் சூட்டு வேலைக்கு எது?

சிலிகான். 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், கொதிக்கவைத்தே சுத்தம் செய்யலாம், குளிரிலும் விறைக்காது. 5 கேலன் அளவுக்கு உள்விட்டம் அரை இன்ச், வெளிவிட்டம் முக்கால் இன்ச் உள்ளதை வாங்குங்கள். அப்போது டியூபின் கனம் ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். இந்தக் கனம் இருந்தால்தான் வளைவில் மடியாது. இதைவிட மெல்லியதாக மலிவு விலைக்கும் வரும். அதை பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் மாட்டினால் சூட்டில் வற்றிப்போன பலூன் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

உள்விட்டம் 3/8 இன்ச் போதாதா என்று கேட்பார்கள். ஹாப்ஸ் சக்கை வந்து அடைக்கும். அதோடு, அரை இன்ச் டியூபுக்கான ஃபிட்டிங்கின் உள்துளையே கிட்டத்தட்ட 3/8 இன்ச்தான் இருக்கும். டியூபையும் அந்த அளவுக்குக் குறைத்தால் ஃபிட்டிங்கின் துளை இன்னும் சிறுத்துப்போகும்.

உணவுக்கு ஏற்றதா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 177.2600 என்ற விதி திரும்பத் திரும்ப உணவைத் தொடும் ரப்பர் பொருள்களுக்கானது. என்.எஸ்.எஃப். 51 என்பது உணவுக் கருவிகளுக்கான தரக்குறி. இவற்றில் ஒன்றாவது சொல்லப்பட்டிருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

சிலிகான் இவ்வளவு நல்லதென்றால் கெக்கில் (பீரை அழுத்தத்தோடு வைக்கும் உலோகக் கலன்) இருந்து பீர் ஊற்றவும் அதையே போடலாமே?

கூடாது. சிலிகான் வழியாக வாயு மிகத் தாராளமாகக் கடந்துபோகும். கண்ணுக்குக் கசிவே தெரியாது, ஆனால் வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். டியூபில் தங்கி நிற்கும் பீர் ஓரிரு நாளில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும். ஹாப்ஸ் நிறையப் போட்ட பீராக இருந்தால் நிறமே மங்கிப் பழுப்பாகும். கார்பன் டை ஆக்சைடும் அதே வழியாக வெளியேறிவிடும்.

புளித்து முடிந்த பீரைக் கெக்குக்கு மாற்றும் ஐந்து பத்து நிமிட வேலைக்குச் சிலிகான் பரவாயில்லை. பீர் நாள்கணக்கில் தங்கும் இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

பீர் தங்கும் டியூபுக்கு எதை வாங்குவது?

முன்பெல்லாம் எல்லோரும் உள்விட்டம் 3/16 இன்ச் வினைல் பீர் லைன்தான் போடுவோம். குளிரில் அது தாக்குப்பிடிக்கும், மலிவு. ஆனால் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை இஞ்சி பீர் ஓட்டிவிட்டு அடுத்து வெளிர் லாகர் ஓட்டிப் பாருங்கள், எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் காரம் டம்ளரில் வரும்.

இப்போது நான் பரிந்துரைப்பது உள்ளே பாலித்தீன் படலம் போட்ட இரண்டடுக்கு டியூப். ஆஸ்திரேலியாவின் கெக்லேண்ட் நிறுவனம் ஈவாபேரியர் என்ற பெயரில் விற்பது பரவலாகக் கிடைக்கிறது. உள்விட்டம் 4 மி.மீ., வெளிவிட்டம் 8 மி.மீ. ஆக்சிஜன் புகுவது மிகக் குறைவு, வாசனையும் பிடிக்காது. கேஸ் லைனுக்கும் இதையே போடலாம். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் அதிகம் செலவழிப்பதில் தவறே இல்லை. ஆறு வாரம் பொறுத்திருந்து செய்த பீர் கடைசி ஐந்தடியில் கெட்டுப்போவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

ஊற்றினால் டம்ளர் முழுக்க நுரைதான் வருகிறது. டியூப் எத்தனை அடி இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெக்குக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குழாய்வாய் வரை வருவதற்குள் டியூப் மெல்ல மெல்ல உராய்வால் தணிக்க வேண்டும். தணியாமல் வந்தால் பீர் வாயிலில் சீறும், கரைந்திருக்கும் வாயு நுரையாகப் பிரியும். ஃப்ரிட்ஜ் 3 டிகிரி செல்சியஸில் இருந்து ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டரில் இருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை, 12 பி.எஸ்.ஐ.யில் (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வைத்தால், பீரின் கொள்ளளவைப் போல சுமார் இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். பெரும்பாலான ஏல் வகைகளுக்கு அது போதும். இந்த 12 பி.எஸ்.ஐ.யைத்தான் டியூப் சமாளிக்க வேண்டும்.

பழைய அட்டவணைகளில் 3/16 இன்ச் வினைல் ஒரு அடிக்கு 3 பி.எஸ்.ஐ. தணிக்கும் என்று இருக்கும். அதன்படி கணக்குப் போட்டு 4 அடி வெட்டினால் நுரையோ நுரை. வீட்டில் நாம் ஊற்றும் வேகத்தில் உண்மையான தடை அதைவிடக் குறைவு. 10 அடியில் தொடங்குங்கள். பீர் சோம்பலாக வந்தால் அரை அடி அரை அடியாக வெட்டிக்கொள்ளலாம். குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது. 4 மி.மீ. ஈவாபேரியராக இருந்தால் துளை சிறியது என்பதால் 5 முதல் 6 அடியிலேயே சரியாகிவிடும். உள்விட்டம் கால் இன்ச் டியூபைத் தெரியாமல் வாங்கிவிட்டால் 10 அடி, 15 அடி போட்டாலும் அடங்காது. அதன் தடை ஒரு அடிக்கு 1 பி.எஸ்.ஐ.கூட வராது.

குழாய்வாய் கெக்கைவிட உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு அடி ஏற்றத்துக்கும் சுமார் அரை பி.எஸ்.ஐ.யை அதுவே தின்றுவிடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

நீளத்தை மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். முதல் டம்ளர் மட்டும் நுரைத்து இரண்டாவது டம்ளர் சரியாக வந்தால் குற்றம் டியூபின் நீளத்தில் இல்லை. ஃப்ரிட்ஜின் மேல்பகுதியும் குழாய்வாயும் சூடாக இருக்கின்றன. உள்ளே சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தால் தீர்ந்துவிடும்.

அரை இன்ச் என்று போட்டிருக்கும் ஃபிட்டிங்கை அளந்தால் அரை இன்ச்சே இல்லையே?

டியூபையும் மரையையும் வேறுவேறு வழக்கத்தில் அளப்பார்கள். டியூபுக்கு உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் நேரடி அளவு. மரை வைத்த ஃபிட்டிங்குக்குச் சொல்வது பழைய இரும்பு பைப்பின் பெயரளவு. அரை இன்ச் மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் சுமார் 21 மி.மீ. இருக்கும். அதாவது முக்கால் இன்ச்சையும் தாண்டும். ஸ்கேலை வைத்து அளந்து முக்கால் இன்ச் வாங்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டியூபைச் செருகும் வரிவரியான முனைக்கு பார்ப் என்று பெயர். அரை இன்ச் உள்விட்ட டியூபுக்கு அரை இன்ச் பார்ப். இங்கே கணக்கு நேரானது. புஷ் ஃபிட்டிங்குக்கு மட்டும் டியூபின் வெளிவிட்டத்தைப் பார்க்க வேண்டும்.

என்.பி.டி. மரை, பி.எஸ்.பி. மரை: இரண்டும் ஒன்றா?

இல்லை. என்.பி.டி. அமெரிக்கா, கனடாவில் வழக்கத்தில் உள்ள பைப் மரை வகை. பி.எஸ்.பி. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா உள்ளிட்ட இடங்களில் உள்ளது. என்.பி.டி. மரையின் கோணம் 60 டிகிரி, பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி.

ஏமாற்றுவது அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும்தான். இரண்டு வகையிலும் ஒரு இன்ச்சுக்கு 14 மரை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பொருந்திவிட்டது போலவே கைக்குத் தெரியும். அப்புறம் இறுகிக்கொள்ளும், ஆனால் ஒழுகும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் நிற்காது. வெளிநாட்டு ஆன்லைன் கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று நான் வாங்கிய ஒரு ஸ்டீல் வால்வு இப்படித்தான் ஒரு சாயங்காலம் முழுவதையும் விழுங்கியது. கால் இன்ச்சில் இந்தக் குழப்பம் இல்லை. என்.பி.டி.யில் 18 மரை, பி.எஸ்.பி.யில் 19, அதனால் ஒரு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும். வாங்கும் முன் விவரத்தில் எந்த மரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டெஃப்லான் டேப் எங்கே சுற்ற வேண்டும், எங்கே கூடாது?

என்.பி.டி. போன்ற கூம்பு மரைக்குச் சுற்ற வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் ஓடும் பக்கமாக மூன்று நான்கு சுற்று. ஸ்டீலோடு ஸ்டீலை டேப் இல்லாமல் இறுக்கினால் மரை ஒன்றோடொன்று கவ்விப் பிடித்து, பிறகு கழற்றவே வராது.

வாஷரோ ரப்பர் வளையமோ அடைப்பு தரும் இடத்தில் டேப் வேண்டாம். கெக் கனெக்டரில் வரும் ஃப்ளேர் மரை, ரெகுலேட்டர் சிலிண்டரில் மாட்டும் இடம், குழாய்வாயின் ஷாங்க் (குழாய்வாயைப் பின்னால் டியூபோடு இணைக்கும் மரைத் தண்டு) எல்லாம் அந்த வகை. அங்கே டேப் சுற்றினால் வாஷர் சரியாக அமராமல் கசிவு கூடத்தான் செய்யும்.

கேம்லாக், ட்ரை-கிளாம்ப், குவிக் டிஸ்கனெக்ட்: எதைத் தேர்ந்தெடுப்பது?

சூட்டு வேலைக்குக் கேம்லாக் என்பேன். இரண்டு காதுகளை மடக்கினால் பூட்டிக்கொள்ளும், விலையும் அதிகமில்லை. எழுத்து வகைகள் குழப்பும், ஆனால் வீட்டுக்கு இரண்டே போதும். வால்விலும் பம்பிலும் நிலையாக மாட்டும் ஆண் துண்டு எஃப் அல்லது ஏ. எஃப்-க்கு வெளிமரை, ஏ-க்கு உள்மரை. டியூப் முனையில் வருவது சி, அதில் பார்ப் இருக்கும். எல்லா டியூபிலும் இரண்டு முனையும் சி ஆகவும், எல்லாக் கருவியிலும் எஃப் அல்லது ஏ ஆகவும் வைத்துவிட்டால் எந்த டியூபையும் எங்கேயும் மாட்டலாம். கூடவே வரும் கறுப்பு ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு சிலிகான் வாஷர் போடுங்கள். சூடான ஸ்டீல் காதைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

ஆறிய பிறகு வோர்ட் தொடும் இடங்களுக்கு, குறிப்பாக ஃபெர்மென்டருக்கு (வோர்ட் புளிக்கும் கலன்), ட்ரை-கிளாம்ப் சிறந்தது. அதில் மரையே இல்லை. இரண்டு தட்டை விளிம்பு, நடுவே ஒரு கேஸ்கெட், வெளியே ஒரு கிளாம்ப். அழுக்கு ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. ஒன்றரை இன்ச் ட்ரை-கிளாம்பின் விளிம்பு 50.5 மி.மீ. ஒரு இன்ச்சுக்கும் அதே விளிம்புதான், அதனால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இரண்டு இன்ச்சின் விளிம்பு 64 மி.மீ., அது பொருந்தாது. விலைதான் கை கடிக்கும். எல்லா இடத்திலும் இதைப் போட ஆசைப்படாமல் ஃபெர்மென்டரில் மட்டும் போட்டாலே பாதிக் கவலை தீரும்.

இழுத்து மாட்டும் குவிக் டிஸ்கனெக்ட் கைக்குச் சுகம். ஆனால் உள்ளே ஸ்பிரிங் அடைப்பான் வைத்த வகையில் ஹாப்ஸ் சக்கை சிக்கும், கழற்றிக் கழுவவும் வராது. நடுவில் தடையில்லாத வகை கிடைத்தால் வாங்கலாம்.

பம்ப் வாங்கினேன், தண்ணீரை ஓட்டுகிறது, கொதிக்கும் வோர்ட்டை ஓட்ட மறுக்கிறது. ஏன்?

நாம் வாங்கும் காந்த பம்புகள் தாமாக உறிஞ்சாது, வந்த திரவத்தைத் தள்ள மட்டும்தான் தெரியும். அண்டாவைவிடத் தாழ்வாக பம்பை வையுங்கள். உள்ளே வரும் டியூப் குட்டையாகவும் வளைவில்லாமலும் இருக்கட்டும். வோர்ட் கொதிநிலையில் இருக்கும்போது இழுக்கும் பக்கம் கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் அங்கேயே ஆவியாகிக் குமிழி கட்டும். பம்ப் கடகடவென்று சத்தம் போடும், ஓட்டம் நின்றுவிடும். அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியே போகும் பக்கத்து வால்வைத்தான் மூட வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள். அண்டாவின் வால்வும் முழுத்துளை வகையாக இருப்பது நல்லது.

பித்தளை ஃபிட்டிங் போடலாமா?

சூட்டு வேலைக்குப் போடலாம். பழைய பித்தளையின் மேற்பரப்பில் ஈயம் இருக்கும். வெள்ளை வினிகர் இரண்டு பங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு கலந்து, பத்து நிமிடம் அதில் ஊறப்போடுங்கள். வெண்ணெய் நிறத் தங்கம் போல ஆனதும் எடுத்துக் கழுவிவிடலாம். கரைசல் பச்சையாக மாறினால் செம்பு கரையத் தொடங்கிவிட்டது, உடனே எடுங்கள். பீரும் அமிலக் கிருமிநாசினியும் தொடும் இடங்களுக்கு 304 ரக ஸ்டீல்தான் சரி.

டியூபை இறுக்க எந்த கிளாம்ப்?

திருகு வைத்துச் சுற்றும் சாதாரண கிளாம்ப் சிலிகானுக்கு ஆகாது. பட்டையில் உள்ள வெட்டுகள் வழியாக மென்மையான சிலிகான் பிதுங்கி அறுபடும். உள்பட்டை வழவழப்பாக உள்ள வகையை வாங்குங்கள், அல்லது ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள். கேஸ் லைனுக்கும் பீர் லைனுக்கும் இடுக்கியால் ஒரே தடவை நெருக்கும் காதுக் கிளாம்ப்தான் நம்பகமானது. சுற்று முழுக்க ஒரே மாதிரி பிடிக்கும், தானாகத் தளராது.

டியூப் பார்பில் ஏறவே மாட்டேன் என்கிறது.

முனையை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுங்கள், ஏறிவிடும். எண்ணெய் தடவாதீர்கள். பீரில் துளி எண்ணெய் பட்டாலும் நுரை நிற்காது.

சைக்கிள் பம்ப் ஓஸ் மாதிரிச் செருகினாலே நிற்கும் புஷ் ஃபிட்டிங்கை நம்பலாமா?

நம்பலாம். பிரிட்டனின் ஜான் கெஸ்ட், கெக்லேண்டின் டூவோடைட் இரண்டையும் நானே பயன்படுத்துகிறேன். டியூபை நேராக, சாய்வில்லாமல் வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சமையலறைக் கத்தரிக்கோல் வேண்டாம், டியூப் வெட்டும் கருவி சில டாலர்தான். செருகும்போது முதலில் ஒரு தடை தட்டும், அதையும் தாண்டி இன்னொரு அழுத்து அழுத்தினால்தான் ரப்பர் வளையத்துக்குள் போகும். பாதியில் விட்டவர்கள்தான் பெரும்பாலும் ஒழுகுகிறது என்கிறார்கள். 8 மி.மீ. வெளிவிட்டமும் 5/16 இன்ச் வெளிவிட்டமும் நடைமுறையில் ஒன்றே. வெறும் வினைலையோ சிலிகானையோ இதில் செருகாதீர்கள், நசுங்கி ஒழுகும்.

பால் லாக் (ball lock), பின் லாக் (pin lock) கெக்: கனெக்டர் ஒன்றுக்கொன்று மாறுமா?

மாறாது. இவை பழைய குளிர்பானக் கெக்குகள். பெப்சி பக்கம் பால் லாக், கோக்கோகோலா பக்கம் பின் லாக் என்று வந்தவை. பின் லாக்கில் கேஸ் பக்கம் இரண்டு பின், பானம் பக்கம் மூன்று பின் இருப்பதால் மாற்றி மாட்டவே முடியாது. பால் லாக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சாம்பல் நிறம் கேஸ், கறுப்பு பீர். மாற்றி அழுத்தினால் மாட்டிக்கொண்டு வராது.

கனெக்டர் வாங்கும்போது பார்ப் வகையை விட்டு, கால் இன்ச் ஃப்ளேர் மரை வகையை வாங்குங்கள். டியூபை அறுக்காமலே கழற்றிக் கழுவலாம்.

கேஸ் இரவோடு இரவாகக் காலியாகிறது. எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தெளிப்பானில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் அடியுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் உள்ள நைலான் வாஷரை முதலில் பாருங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றிவிடுவது நல்லது. கசிவு சின்னதாக இருந்தால் சிலிண்டரை மூடிவிட்டு ரெகுலேட்டர் முள்ளைக் குறித்து வையுங்கள், சில மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பீர் ஏற்கெனவே கேஸை முழுக்க உறிஞ்சி முடித்த கெக்கில்தான் இந்தச் சோதனை சரியாக வரும்.

மூடிய சிறு அறையிலோ காற்றோட்டமில்லாத அடித்தளத்திலோ பெரிய சிலிண்டரை வைக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மூச்சை அடைக்கும்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் இருந்தே பிடித்துக் காய்ச்சலாமா?

வோர்ட்டை ஆறவைக்கும் செம்புச் சுருளுக்குள் ஓட்ட அது போதும். பீருக்கான தண்ணீரை அதில் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் வாடையோடு, நகரத் தண்ணீரில் உள்ள குளோரினும் சேர்ந்து மருந்துப் பட்டி போன்ற ஒரு சுவையைக் கொடுக்கும், அது எத்தனை மாதமானாலும் போகாது. முகாம் வண்டிகளுக்கென்று விற்கும் வெள்ளை நிறக் குடிநீர் ஓஸ் வாங்கிக்கொள்ளுங்கள். குளோரினுக்கு கேம்ப்டன் மாத்திரை ஒன்று 20 கேலன் தண்ணீருக்குப் போதும். இன்னொன்று: தோட்டக் குழாயின் மரை தனி வகை, என்.பி.டி.யோடு சேராது. அதற்கென்று அடாப்டர் வேண்டும்.

எப்படிக் கழுவுவது? எப்போது மாற்றுவது?

காய்ச்சி முடித்ததும், காய்வதற்கு முன், வெந்நீரை ஓடவிடுங்கள். அப்புறம் காரத்தன்மை (alkaline) உள்ள சுத்தம் செய்யும் தூளின் கரைசல், மறுபடியும் நல்ல தண்ணீர். கடைசியாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். சுருட்டி ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆறிய வோர்ட் தொடும் டியூபுக்கு மட்டும் பயன்படுத்தும் முன் ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநாசினி. 19 லிட்டருக்கு 30 மி.லி., ஒன்றிரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும்.

வால்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பந்து வால்வின் உள்ளே பந்துக்குப் பின்னால் ஒரு இடுக்கு இருக்கிறது. வோர்ட் அங்கே தங்கி அழுகும். வெளியே பளபளப்பாக இருக்கும், கழற்றிப் பார்த்தால் முகம் சுளிக்க வைக்கும். அதனால் மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய வால்வையே வாங்குங்கள், நான்கைந்து காய்ச்சலுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவுங்கள். ஃபிட்டிங் எதை வாங்கினாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதைப் பிரித்து உள்ளே பார்க்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபெர்மென்டருக்குப் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

பீர் லைனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வெண்ணெய் வாசனையோ புளிப்போ டம்ளரில் வந்தால், கெக்கைச் சந்தேகப்படும் முன் லைனைச் சந்தேகியுங்கள். வினைல் லைனை வருடத்துக்கு ஒருமுறை தூக்கிப்போட்டுவிடுங்கள். மங்கி, விறைத்து, வாசனை பிடித்த எந்த டியூபையும் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

முதல் தடவைக்கு என்னென்ன வாங்கினால் போதும்?

பம்பும் கெக்கும் இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அரை இன்ச் சிலிகான் டியூப் 6 அடி, அண்டாவுக்கு மூன்று துண்டு பந்து வால்வு ஒன்று, அதில் எஃப் அல்லது ஏ கேம்லாக், டியூப் முனைக்கு சி கேம்லாக், உள்பட்டை வழவழப்பான இரண்டு கிளாம்ப், ஒரு டெஃப்லான் டேப். புளித்த பீரைப் பாட்டிலுக்கு மாற்ற ஆட்டோ சைஃபனும் (கையால் அழுத்தி ஓட்டத்தைத் தொடங்கும் உறிஞ்சுகுழாய்), அதோடு பொருந்தும் 5/16 இன்ச் உள்விட்ட வினைல் டியூப் 5 அடியும் தனியாக. இந்த வினைலில் ஆறிய பீரை மட்டும் ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டியதும் காய்ச்சும் நாளுக்கு முந்தைய நாளே அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒழுகாத இணைப்பு சூட்டில் ஒழுகும். வால்வைத் திறந்து அந்த வெந்நீரைக் கடைசி டியூப் வரை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்த இடத்தில் தண்ணீர் ஆறிய பிறகு கழற்றி மறுபடியும் டேப் சுற்றுங்கள்.